வான்கோழிக்கு ஆங்கிலத்தில் துருக்கியின் பெயர் ஏன்?

மதுரை வாசகி, நவம்பர் 20

பையனுக்குப் பள்ளியில் பறவைகள் சார்ட் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வான்கோழிப் படத்தை ஒட்டி, கீழே டர்க்கி என்று எழுதினான். "இது துருக்கியிலிருந்து வந்த கோழியாம்மா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த என் கொழுந்தனார், "இது நம்ம ஊர்ப் பறவைடா, ஔவையாரே பாடியிருக்காங்க. வெள்ளைக்காரன் விவரம் தெரியாம துருக்கின்னு பேர் வச்சுட்டான்" என்று முடித்துவிட்டார். அவர் சொல்வது சரிதானா?

நவம்பர் 20, இரவு

வான்கோழி துருக்கிப் பறவையும் இல்லை, நம் பறவையும் இல்லை. அதன் தாய்மண் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே அதை வீட்டில் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். 1519இல் ஸ்பெயின்காரர் கோர்ட்டெஸ் படையோடு போய் இறங்கியபோது அஸ்டெக் மக்களின் சந்தையில் அது சாதாரணச் சரக்கு. அடுத்த சில ஆண்டுகளில் கப்பலேறி ஸ்பெயினுக்கு வந்தது, அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது.

துருக்கியின் பெயர் வந்ததற்குக் காரணம் இன்னொரு பறவை, கின்னிக்கோழி. சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்டிருக்குமே, அதுதான். அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. அன்றைக்குக் கிழக்கு மத்தியதரைக் கடல் வணிகமெல்லாம் ஒட்டோமான் துருக்கியர் ஆட்சிக்குள் இருந்தது. 1517இல் எகிப்தும் அவர்கள் கைக்குப் போனது. அந்தத் துறைமுகங்களோடு வியாபாரம் செய்த இங்கிலாந்து வணிகர்களையே டர்க்கி மெர்ச்சன்ட் என்றுதான் அழைத்தார்கள். அந்த வழியில் வந்த கின்னிக்கோழி இங்கிலாந்தில் டர்க்கிச் சேவல், டர்க்கிக் கோழி ஆனது. பிறகு மெக்சிகோப் பறவை வந்து சேர்ந்தது. இதுவும் வெளிநாட்டுக் கோழி, தலையில் மயிரில்லை, பார்க்க விநோதம். இருந்த பெயரை அதற்கும் வைத்தார்கள். கொஞ்ச காலம் இரண்டுக்கும் ஒரே பெயர் ஓடியது. கடைசியில் பெரிய பறவை பெயரை வைத்துக்கொள்ள, சின்னதற்கு கினி என்ற ஆப்பிரிக்கக் கடற்கரையின் பெயர் போனது.

ஔவையார் விஷயம் தனியாகப் பேச வேண்டியது. பிறகு வருகிறேன்.

நவம்பர் 21

ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு பறவைக்கும் வித்தியாசம் தெரியாமலா இருப்பார்கள்?"

நாகர்கோவில் பக்கம் என் ஆச்சி வீட்டில் இரண்டும் ஒரே முற்றத்தில் மேய்ந்தன. கண் இருக்கிறவர்களுக்குக் குழப்பமே வராது. கின்னிக்கோழி ஒன்றரைக் கிலோ இருந்தால் அதிகம், சேவல் வான்கோழி எட்டுக் கிலோவைத் தாண்டும். கின்னிக்கோழி ஆள் வந்தால், பாம்பு வந்தால் ஊரையே கூட்டும். ஆச்சிக்கு நாய் வேண்டியிருக்கவில்லை. வான்கோழி கத்துவது வேறு ரகம். நாம் வாயால் களகள என்று சத்தம் கொடுத்தால் உடனே திருப்பிக் கத்தும். மூக்கின் மேலிருந்து தொங்கும் அந்தச் சதை கோபம் வந்தால் நீண்டு சிவந்துவிடும். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பயந்து திண்ணையை விட்டு இறங்க மாட்டேன்.

ஆனால் 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பெரிய மனிதர் வீட்டு விருந்தில் தட்டில் வந்ததைத்தான் பலர் பார்த்தார்கள். 1541இல் பேராயர் கிரான்மர் திருச்சபைக்காரர்களின் சாப்பாட்டு ஆடம்பரத்தைக் குறைக்க ஒரு கட்டளை போட்டார். நாரை, அன்னம், டர்க்கிச் சேவல் போன்ற பெரிய பறவை ஒரு தட்டில் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்றது அது. அந்த டர்க்கிச் சேவல் எது என்று இன்றும் வாதம் நடக்கிறது. நாரைக்கும் அன்னத்துக்கும் பக்கத்தில் வைத்திருப்பதால் எனக்கு அது மெக்சிகோப் பறவை என்றுதான் படுகிறது. கின்னிக்கோழியை அந்த வரிசையில் வைக்க முடியாது.

1550இல் சந்தேகத்துக்கே இடமில்லை. வில்லியம் ஸ்ட்ரிக்லண்ட் என்ற யார்க்‌ஷயர்காரர் தன் குடும்பச் சின்னத்தில் வான்கோழியைப் போட்டுக்கொள்ள அனுமதி வாங்கினார். தோகை விரித்து நிற்கும் வான்கோழி. அதை இங்கிலாந்துக்கு முதலில் கொண்டுவந்தவரே அவர்தான் என்று கதை உண்டு. கதை எப்படியோ, படம் இருக்கிறது.

நவம்பர் 22, காலை

"துருக்கியிலேயே இதற்குப் பெயர் ஹிந்தி. அப்படியானால் இந்தியப் பறவைதானே?" என்று மதுரை அம்மாவின் கொழுந்தனாரே வந்து எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. இதற்கு என் பழைய வேலையிடத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஷார்ஜாவில் ஒரு பெரிய கடையின் குளிர்பதன அறையில் வேலை பார்த்தேன். டிசம்பர் நெருங்கினால் வான்கோழி கார்ட்டன் கார்ட்டனாக வரும், பெரும்பாலும் பிரேசிலிலிருந்து. பெட்டியில் பெரிய எழுத்தில் பெரு என்று போட்டிருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பெரு நாட்டுச் சரக்கு என்று நினைத்துத் தனியாக அடுக்கிவைத்துவிட்டான். போர்ச்சுகீசிய மொழியில் வான்கோழிக்குப் பெயரே பெரு. தென் அமெரிக்காவில் ஸ்பெயின்காரர் பிடித்த நாட்டின் பெயர், பறவை அங்கிருந்து வரவில்லை என்றாலும் ஒட்டிக்கொண்டது. நம் நாட்டில் இந்தி பேசுகிறவர்கள் சிலர் இதை பீரு என்பதும் அதிலிருந்துதான்.

அந்த அறையில்தான் இந்தப் பெயர்க்கூத்து முழுவதையும் காதால் கேட்டேன். துருக்கிக்காரர் ஹிந்தி என்பார். எகிப்துக்காரர் டீக் ரூமி என்பார், ரூம் நாட்டுச் சேவல் என்று பொருள். பைசாந்தியத்தை, அதாவது கிழக்கு ரோமப் பேரரசை, அரபியர் ரூம் என்றார்கள். பிறகு அதே மண்ணைத் துருக்கியர் ஆண்டதால் அவர்களுக்கும் அந்தப் பெயர் வந்தது. ஆக எகிப்துக்காரரும் ஆங்கிலேயரும் ஏறக்குறைய ஒரே பக்கம்தான் கை காட்டுகிறார்கள். சிரியாக்காரர் டீக் ஹபஷ் என்பார், எத்தியோப்பியச் சேவல். ஃபிலிப்பைன்ஸ் பெண்கள் பாபோ என்பார்கள், ஸ்பானிய பாவோ. அதற்கு முதலில் மயில் என்றே பொருள். ஈரானியர் பூகலமூன் என்பார், நிறம் மாறுவது என்று அர்த்தம். ஊரைச் சொல்லாமல் பறவையைப் பார்த்து வைத்த பெயர் எங்கள் அறையில் அது ஒன்றுதான் என்று அப்போதே எனக்கு அதன் மேல் ஒரு பிரியம்.

இதில் மெக்சிகோவின் பெயரை யாருமே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மெக்சிகோக்காரர் மட்டும் அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழிச் சொல்லிலிருந்து வந்த குவாஹோலோட்டே என்பதை இன்றும் சொல்கிறார்கள்.

ஹிந்திக்கு வருகிறேன். கொலம்பஸ் இந்தியா என்று நினைத்து அமெரிக்காவில் இறங்கியது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீவுகளும் கண்டமும் ஐரோப்பியர் வாயில் நெடுங்காலம் இந்தியா, இண்டீஸ் என்றே வழங்கின. பிரெஞ்சில் இந்தியக் கோழி என்ற தொடர் சுருங்கி தாந்த் ஆனது. ரஷ்யத்தில் இந்தேய்கா, போலிஷில் இந்திக், ஹீப்ருவில் இந்தியச் சேவல். எல்லாம் ஒரே குடும்பம். துருக்கியரின் ஹிந்தியும் அதில் ஒன்று. பெயரில் இந்தியா இருக்கிறது, பறவை மெக்சிகோவுடையது.

நவம்பர் 22, மாலை

இன்னொன்று விட்டுப்போனது. மலாய் மொழியில் இது ஆயம் பெலாண்டா, டச்சுக் கோழி. கம்போடியாவில் பிரெஞ்சுக் கோழி. யார் கப்பலில் கொண்டுவந்தார்களோ அவர்கள் பெயர்.

நவம்பர் 23

இந்த இழையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

டச்சு மொழியில் வான்கோழி கல்கூன். டேனிஷில் கல்குன், ஸ்வீடிஷில் கல்கோன், ஃபின்னிஷில் கல்குனா. இவை எல்லாவற்றுக்கும் வேர் நம் பக்கத்து ஊர். கோழிக்கோடு! ஐரோப்பியர் வாயில் காலிகட். 1498இல் வாஸ்கோ ட காமா வந்து இறங்கிய பிறகு, கீழ்த்திசை என்றாலே அவர்களுக்குக் காலிகட் என்ற பெயர்தான் முதலில் நினைவுக்கு வந்தது. எனவே இண்டீஸ் பறவை அவர்களுக்குக் காலிகட் சேவல் ஆனது. ஜெர்மனியிலும் பழைய காலத்தில் அப்படியேதான் சொன்னார்கள். கோழிக்கோட்டின் பெயரில் கோழி என்று ஒலிப்பது நம் காதுக்கு வேடிக்கை. டச்சுக்காரருக்கு அதெல்லாம் தெரியாது.

பெயர் அங்கேயே நிற்கவில்லை. டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கடற்கரையைப் பிடித்தார்கள். 1796 வரை அவர்கள் ஆட்சி. சிங்களத்தில் வான்கோழி இன்றும் களுக்கும். சிங்களத்தில் களு என்றால் கறுப்பு. கறுத்த பறவைகளும் உண்டு என்பதால் அதுதான் காரணம் என்று என்னோடு வேலை பார்த்த குருநாகல்காரர் சத்தியம் செய்வார். டச்சுச் சொல்லைக் காட்டியபின் அவரே மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இந்தோனேசியாவிலும் கல்குன்தான்.

மலபாரின் ஒரு துறைமுகப் பெயர் ஆம்ஸ்டர்டாம் போய், அமெரிக்கப் பறவையின் மேல் ஏறி, கப்பலில் திரும்பி வந்து கொழும்பில் இறங்கியிருக்கிறது. அதற்கும் கோழிக்கோட்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம்? பாக் நீரிணையைத் தாண்டினால் நம் கரை.

டச்சுக்காரர் நமக்கு என்ன விட்டுப்போனார்கள் என்று கேட்பவருக்கு: கக்கூஸ். அதுவும் அவர்கள் சொல்தான். பம்பளிமாஸும்.

நவம்பர் 24

"எத்தனை விளக்கம் சொன்னாலும், ஒரு நாட்டுப் பறவைக்கு இன்னொரு நாட்டின் பெயரை வைத்தது ஆங்கிலேயரின் அறியாமைதான்" என்று இன்னொருவர். இதை நான் ஏற்கவில்லை. இழை தொடங்கிய நாளிலிருந்து எனக்குள் இருக்கிற வாதமும் இதுதான்.

நம் வீட்டுத் தோட்டத்தைப் பாருங்கள். துலுக்கச் செவ்வந்தி என்று ஒரு பூ. மஞ்சளும் ஆரஞ்சுமாக ஆயுதபூஜைக்கு வண்டிக்குக் கட்டுவோமே, அது. துலுக்க என்பது துருக்க என்பதன் திரிபு. அந்தச் செடியின் சொந்த நாடு மெக்சிகோ! மெக்சிகோவிலிருந்து வந்ததற்கு ஆங்கிலேயர் துருக்கியின் பெயரை வைத்தார்கள், நாமும் துருக்கர் பெயரையே வைத்தோம். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததில்லை. பறங்கிக்காயும் அமெரிக்கக் கண்டத்துக் காய்தான். பெயர் பறங்கியர், அதாவது போர்ச்சுகீசியர், பேரில். சௌசௌவை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் மெக்சிகோப் பக்கத்துச் சரக்கு. நாம் பெங்களூர் கத்திரிக்காய் என்கிறோம். பெங்களூரில் கேட்டால் சீமெ பதனெகாயி என்பார்கள், சீமைக் கத்திரிக்காய்.

சீமை என்றால் எந்த ஊர்? சீமைக் கருவேலம் அமெரிக்காவிலிருந்து, சீமையெண்ணெய் எங்கிருந்தோ. கடல் தாண்டி வந்தது, நம்மூர் வகை இல்லை, அவ்வளவுதான் அர்த்தம். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் டர்க்கி என்ற அடைமொழி செய்த வேலையும் இதுவே. மக்காச்சோளத்தை அவர்கள் டர்க்கி கோதுமை என்றார்கள். இத்தாலியர் இன்றும் துருக்கித் தானியம் என்றே சொல்கிறார்கள். துருக்கியரோ அதை மிஸிர் என்பார்கள், எகிப்து என்று பொருள். மக்காச்சோளமும் மெக்சிகோதான்.

சந்தைக்குப் போகிறவருக்குப் பொருள் எங்கே முளைத்தது என்பது முக்கியமில்லை. யார் கையிலிருந்து தன் கைக்கு வந்தது என்பதுதான் தெரியும். அந்தக் கடைசிக் கையின் பெயர்தான் ஒட்டுகிறது. இதை அறியாமை என்று சொன்னால் பெங்களூர் கத்திரிக்காய் வாங்குகிற நம் எல்லோரையும் சொல்ல வேண்டும்.

இந்த வகையில் பார்த்தால் முதல் நாள் நான் எழுதிய கின்னிக்கோழிக் குழப்பம்கூடக் கட்டாயமில்லை. வான்கோழியே மத்தியதரைக் கடல் வணிகர் வழியாக லண்டனுக்கு வந்தது, அதனால்தான் அந்தப் பெயர் என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும் என்பது என் எண்ணம். இரண்டிலும் டர்க்கி என்பது வந்த வழியின் பெயர்.

நவம்பர் 24, இரவு

அறிவியல் பெயராவது சரியா என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார். மெலியாகிரிஸ் கல்லோபாவோ, 1758இல் லின்னேயஸ் வைத்தது. பின்பாதிக்குச் சேவல்மயில் என்று பொருள், பொருத்தமானது. முன்பாதிதான் சிக்கல். மெலியாகிரிஸ் என்பது பண்டைய கிரேக்கர் கின்னிக்கோழிக்கு வைத்த பெயர். மெலியாகர் என்ற வீரன் இறந்தபோது அழுத சகோதரிகள் பறவைகளாக மாறினார்கள், அவர்கள் கண்ணீர்தான் இறகில் வெள்ளைப் புள்ளிகள் என்பது அவர்கள் கதை. வான்கோழிக்கு அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது? லண்டன் சந்தையில் நடந்த பெயர் மாற்றம் லத்தீனிலும் நடந்து, உலகத்துக்கே நிரந்தரமாகிவிட்டது. கின்னிக்கோழிக்கு நுமிடா மெலியாகிரிஸ் என்று, அந்தச் சகோதரிகளின் கண்ணீரைப் பின்பாதியிலாவது திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

நவம்பர் 26

ஔவையார். பலர் காத்திருக்கிறீர்கள்.

மூதுரைப் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம்:

கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி
தானும் அதுவாகப் பாவித்துத் தானுந்தன்
பொல்லாச் சிறகைவிரித் தாடினாற் போலுமே
கல்லாதான் கற்ற கவி.

மூதுரை பாடிய ஔவையாரைப் பொதுவாக 12ஆம் நூற்றாண்டு என்பார்கள். மெக்சிகோப் பறவை 16ஆம் நூற்றாண்டுக்கு முன் இந்த மண்ணில் கால் வைத்திருக்க வழியே இல்லை. ஆகவே ஒன்று, பாட்டு நாம் நினைப்பதைவிடப் பிந்தியது. அல்லது பாட்டில் வரும் வான்கோழி வேறு பறவை. கொழுந்தனார் சொல்வதுபோல் "ஔவை பாடினார், எனவே நம் பறவை" என்று மட்டும் முடிக்க முடியாது.

இந்தியாவில் வான்கோழியைப் பற்றி இருக்கும் மிக அழகான குறிப்பு ஜஹாங்கீருடையது. 1612இல் முகர்ரப் கான் என்ற அதிகாரி கோவாவுக்குப் போய், போர்ச்சுகீசியரிடமிருந்து விநோதப் பொருட்கள் வாங்கி வந்தார். அதில் ஒரு பறவை. பேரரசர் தன் நினைவுக்குறிப்பில் உட்கார்ந்து வர்ணிக்கிறார்: பெண் மயிலைவிடப் பெரிது, ஆண் மயிலைவிடச் சிறிது. மதம் கொண்டால் மயில்போல் சிறகை விரித்து ஆடுகிறது. தலையும் கழுத்தும் நிமிடத்துக்கொரு நிறம் கொள்கிறது. பவளச் சிவப்பு, பிறகு பஞ்சு வெள்ளை, சில நேரம் நீலப்பச்சை, பச்சோந்தியைப்போல. அதன் பெயர் அங்கே யாருக்கும் தெரியவில்லை. உஸ்தாத் மன்சூரைக் கூப்பிட்டு வரையச் சொன்னார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அந்த ஓவியம் இருக்கிறது. இணையத்தில் தேடிப் பாருங்கள். கழுத்துச் சதையின் ஒவ்வொரு சுருக்கத்தையும் விடாமல் வரைந்திருக்கிறார். ஆச்சி முற்றத்தில் நான் பயந்து பார்த்த அதே முகம்.

எங்கள் குளிர் அறை ஈரானியர் சொன்ன பூகலமூன் என்ற பெயரும் ஜஹாங்கீர் கண்ட நிற மாற்றமும் ஒன்றே. அதையும் சேர்த்துச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

மயிலோடு ஒப்பிடுவதைப் பாருங்கள். ஸ்பெயின்காரர் மெக்சிகோவில் அதைக் கண்டதும் மயில் என்றார்கள். உண்மையான மயிலுக்குப் பிறகு ராஜமயில் என்று அடை கொடுக்க வேண்டியதாயிற்று. ஜஹாங்கீர் மயில்போல் ஆடுகிறது என்கிறார். ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டாம் இரவு நாடகத்தில், தன்னைப் பெரியவனாக நினைத்துக்கொண்டு நடக்கும் மால்வோலியோவை மறைந்திருந்து பார்க்கிறவன், சிறகைச் சிலிர்த்துக்கொண்டு நடக்கும் டர்க்கிச் சேவல் என்கிறான். கல்லாதான் கற்ற கவிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது! இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால், மூதுரைப் பாட்டைப் பாடியவரும் இதே பறவையைக் கண்ணால் பார்த்தவர் என்று தோன்றும். போர்ச்சுகீசியர் முத்துக்குளித்துறைக்கு 1530களிலேயே வந்துவிட்டார்கள். பாட்டு அதற்குப் பிந்தியதாக இருந்தால் எல்லாம் பொருந்திவிடும்.

நவம்பர் 27

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். பாட்டையும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். இப்போது வேறு பக்கம் சாய்கிறேன்.

பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது? ஆடத் தெரியாத ஒன்று, மயில் ஆடுவதைப் பார்த்துவிட்டு, தானும் அதுவாக நினைத்து ஆடுகிறது. "பாவித்து" என்ற சொல்தான் முள். அமெரிக்க வான்கோழி யாரையும் பார்த்து ஆடுவதில்லை. மயிலே இல்லாத முற்றத்திலும் தோகையை விசிறியாக விரித்து, சிறகு தரையில் உரசச் சுற்றிச் சுற்றி வரும். அது அதன் சொந்த ஆட்டம். அதை வளர்த்துப் பார்த்த ஒருவர், இது மயிலைப் பார்த்துச் செய்கிறது என்று சொல்வாரா? சொல்லலாம், கேலிக்காக. ஆனால் ஆட்டமே இல்லாத ஏதோ ஒரு பெரிய காட்டுக்கோழி வகை என்றால் உவமை இன்னும் கூர்மையாக விழுகிறது. வான் என்பதற்குப் பெருமை என்ற பொருளும் இருக்கிறது. பெரிய கோழி எதையும் அப்படி அழைத்திருக்க இடமுண்டு.

அந்தப் பெயர் சும்மா கிடந்தபோது கடல் கடந்து உண்மையிலேயே பெரிய கோழி வந்தது. அதுவும் சிறகு விரிக்கிறது. பாட்டோ எல்லோர் வாயிலும் இருக்கிறது. பெயர் அதன் மேல் போய் உட்கார வேறென்ன வேண்டும்? இங்கிலாந்தில் கின்னிக்கோழியின் பெயரும், ஸ்பெயினில் மயிலின் பெயரும், கிரேக்கக் கின்னிக்கோழியின் பெயர் லத்தீனிலும் இதே புதுப்பறவைக்குப் போயின. தமிழிலும் அப்படியே நடந்தது என்பதுதான் இப்போது என் கட்சி.

நவம்பர் 27, மதியம்

"பாட்டில் வருவது கானமயில், அது மயிலே இல்லை, புல்வெளியில் வாழும் வேறு பறவை" என்று ஒரு பறவை ஆர்வலர். பறவை நோக்குவோர் இன்று அந்தப் பெரிய புல்வெளிப் பறவையைக் கானமயில் என்று எழுதுகிறார்கள், உண்மை. அதுவும் கழுத்துப் பையை ஊதி வாலை நிமிர்த்தி ஆடும் பறவைதான். ஆனால் பாட்டில் கானம் என்பது காடு. காட்டு மயில் ஆட, பெரிய கோழி ஒன்று பார்த்தது என்று படித்தாலே கவிதை முழுமையாக நிற்கிறது. தமிழில் ஆடுவதற்குப் பேர்போன மயிலை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 28

சின்னச் சின்னக் கேள்விகளுக்கு.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வான்கோழியை அமெரிக்காவின் தேசியப் பறவையாக்கப் போராடினார் என்பது பரவலான கதை, நடக்காதது. 1784இல் மகளுக்கு எழுதிய கடிதத்தில், வெண்தலைக் கழுகு ஒழுக்கம் கெட்ட பறவை, அதோடு ஒப்பிட்டால் வான்கோழி மரியாதையான பறவை, அமெரிக்காவின் உண்மையான பூர்வகுடி என்று எழுதினார். அதுதான் முழு விஷயம். ஃபிராங்க்ளின் பாராட்டிய அந்தப் பறவை, டர்க்கி என்ற பெயரோடு அமெரிக்காவுக்குத் திரும்பிய கதை தெரியுமா? 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் வீட்டு வான்கோழிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மெக்சிகோவில் பழகி, ஸ்பெயின் வந்து, இங்கிலாந்து போய், மறுபடி அமெரிக்கா. அங்கே காட்டில் இருந்த உறவுக்காரப் பறவைகளுக்கும் அதே பெயர் வந்தது.

பவுலிங் ஆட்டத்தில் தொடர்ந்து மூன்று முறை எல்லாக் கட்டையையும் விழுத்தினால் டர்க்கி. நாடகம் ஓடாவிட்டாலும் டர்க்கி. ஒரே பெயர், வெற்றிக்கும் தோல்விக்கும்.

துருக்கி நாடு 2022 ஜூனில் ஐக்கிய நாடுகள் சபையில் தன் ஆங்கிலப் பெயரைத் துர்க்கியே என்று மாற்றிக்கொண்டது. பறவையின் பெயரோடு குழம்புவதும் ஒரு காரணம் என்று அவர்களுடைய அரசு ஒளிபரப்பு நிறுவனமே எழுதியது. பறவைக்கு அவர்கள் ஹிந்தி என்பதை மாற்றவில்லை. மாற்ற வேண்டாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நவம்பர் 29

மதுரை அம்மாவுக்கு. திங்கட்கிழமை சார்ட் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வான்கோழிப் படத்துக்குக் கீழே "தாயகம்: வட அமெரிக்கா. வீட்டுப் பறவையாக்கியது: மெக்சிகோ மக்கள்" என்று போடச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் அவன் ஒட்டியிருக்கும் இரண்டாவது படம் வான்கோழிக் குஞ்சு இல்லை, கின்னிக்கோழி. புள்ளியைப் பாருங்கள். அதைக் கிழிக்க வேண்டாம். கீழே "தாயகம்: ஆப்பிரிக்கா" என்று எழுதி, இரண்டு படத்துக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, ஆங்கிலப் பெயரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அம்புக்குறியால் காட்டட்டும். ஆசிரியர் கேட்டால் அவனே சொல்லிவிடுவான்.